துரை விழுங்கிய கடுதாசி

ஜனவரி 6, திங்கள்

என் பெயர் ஆதிலிங்கம். வயது எண்பத்திரண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் தொம்மை. தாலுகா ஆபீஸ் வாசலில் நாற்பது வருடம் மனு எழுதியவர். கை பழகிப்போய் ‘உயர்திரு சமூகம் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தார். “வே, இது மனு இல்ல, டைரி” என்று நிறுத்தினேன். நான் பேசுகிறபடியே எழுதும் என்றால் மாட்டேன் என்கிறார். யாராவது வாய் திறந்து பேசினால் அதை அப்படியே போடுவாராம். மற்றதெல்லாம் எழுத்துக்குரிய மரியாதையோடுதான் நிற்குமாம். நிற்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் டவுன் பூங்காவில் ஒரு வெள்ளைக்காரன் சிலை இருக்கிறது. பெர்சிவல் துரை. உப்பு இலாகா அதிகாரியாக இருந்தவன். கூலி கூட்டிக் கேட்ட அளத்துக்காரர்களைப் புளிய விளாரால் அடிக்க வைத்தவன். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டவனும் அவன்தான் என்று ஒரு கட்சி சொல்லும். உப்பளத் தொழிலாளர் சங்கம் பத்து வருடமாகக் கொடி பிடித்து, சிலையை எடுக்க இப்போது தீர்மானம் ஆகிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி கிரேன் வருகிறது.

இன்று காலை உதவிப் பொறியாளர் ஷர்மிளா அம்மா என்னைத் தேடி வந்தார். “ஐயா, சிலையோட ஃபைலக் காணோம். எப்படி நட்டாங்க, எங்க போல்ட்டு இருக்கு, ஒண்ணும் தெரியல. யாரக் கேட்டாலும் உங்களத்தான் கை காட்டுறாங்க. ஞாபகம் வர்றத தினம் எழுதி வைங்க” என்று ஒரு டைரி தந்தார். உரக்கம்பெனி டைரி. அட்டையில் வாழைத்தார்.

முப்பத்தெட்டு வருடம் அந்தப் பூங்காவில் தண்ணீர் ஊற்றியவன் நான். என் தாத்தா அந்தத் துரையிடம் விளாரடி வாங்கினார். பேரன் நான் துரையின் தலையில் காக்கை எச்சம் கழுவினேன். யாருக்கு யார் கடன் என்று தெரியவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

ஞாபகம் வந்தவை.

சிலை முதலில் கடலைப் பார்த்து நின்றது. அறுபத்து நாலு புயலில் சாய்ந்தது. அறுபத்தைந்து மாசி மாதம் பீடத்தைப் புதிதாகக் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். கொத்தனார் பெயர் குருசு. அவருக்கு இடது கண்ணில் பூ. அவர் அவசரத்தில் ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார். நாலு போல்ட் வெளியே தெரியும். ஐந்தாவது, இடது பூட்சுக்கு அடியில். அதற்கு ஈயம் காய்ச்சி ஊற்றினோம். ஊற்றியவன் நான். அதை அறுக்காமல் தூக்கினால் துரையின் கால் பீடத்தோடு நின்றுவிடும்.

சுருட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் இது ஷர்மிளா அம்மாவுக்கு இல்லை. துரையின் வலது கையில் ஒரு பித்தளைப் பிரம்பு இருந்தது. புயலில் போய்விட்டது. விரல்களுக்கு நடுவே ஓட்டை மட்டும் மிஞ்சியது. அந்த நாளில் நான் சுருட்டு குடிப்பேன். பூங்கா மேஸ்திரி வரும்போது சுருட்டை அந்த ஓட்டையில் சொருகிவிட்டு வாளியைத் தூக்குவேன். ஒருநாள் துரையின் கையிலிருந்து புகை வருவதை மீன்காரப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். மறுநாளே ஒருத்தி முழுச்சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டாள். கடலுக்குப் போன புருஷன் கரை சேர்ந்தானாம்.

அன்று ஆரம்பித்தது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் துரைக்குச் சுருட்டு வருகிறது. பூங்கா வாசலில் வேலம்மாள் பூவும் சுருட்டும் விற்கிறாள். அவளுக்கு அவர் சுருட்டுத்துரை. சிலையை எடுக்கக் கூடாது என்று ஆளைத் திரட்டுகிறவளும் அவள்தான்.

தொம்மை சிரித்துச் சிரித்து எழுத முடியாமல் நிறுத்தினார். “அண்ணாச்சி, வெளிய சொல்லிராதீரும். அடிச்சே கொன்னுருவாளுக.”

ஜனவரி 8, புதன்

பீடத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஷர்மிளா அம்மா கேட்டார். இன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்று எழுதச் சொன்னேன். தொம்மை பேனாவைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஜனவரி 9, வியாழன்

சிலையை எடுங்கள், பீடத்தை விட்டுவிடுங்கள் என்று ஷர்மிளா அம்மாவிடம் சொன்னேன். பீடத்தில் புறா அடைகிறது. பீடத்தின் நிழலில் ஒரு முல்லைக்கொடி இருக்கிறது. நடக்க வருகிறவர்கள் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார்கள். இப்படி ஏழெட்டுக் காரணம் சொன்னேன்.

சங்கத்துத் தலைவர் காசிராஜன் பக்கத்தில்தான் நின்றார். “தாத்தா, ஒங்க தாத்தா முதுகுல விழுந்த அடிய நீங்கதான எனக்குச் சொன்னிய? எத்தன விளார், எந்தக் கெழமங்கறது வரைக்கும் சொன்னிய. இப்ப பீடம் வேணும்னா என்ன அர்த்தம்? நாளைக்கு வேற எவனாவது அதுல ஏறி நிப்பான்.”

“புறா நிக்கும்.”

“புறாவுக்கு ஊர்ல எடமா இல்ல?”

அவர் சொல்வது சரி. சரியான பேச்சுக்கு எதிர்ப்பேச்சு தேடுவது சிரமம். முல்லைக்கொடியையே மறுபடி சொன்னேன். அது முல்லை இல்லை, காட்டுப்பாகல் என்று ஷர்மிளா அம்மா காட்டினார்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் சாளை மீன் ஆய்ந்து கொடுத்தேன். சந்தனமாரிக்கு முட்டுவலி, குனிய முடியவில்லை. அவள் என் மனைவி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மின்சார அட்டை, ரேஷன் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அவள்தான் படிப்பாள். ஞாபகம் என் இலாகா, எழுத்து அவள் இலாகா. ஐம்பத்தெட்டு வருடமாக இப்படித்தான் குடும்பம் ஓடுகிறது.

“என்ன, துரை மேல திடீர்னு பாசம் பொங்குது?” என்றாள்.

“பாசமுமில்ல ஒண்ணுமில்ல.”

“காசிராஜனுக்குப் பயந்து முழிச்சியளாம். வேலம்மா சொன்னா. அந்தக் கடுதாசியப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டும் கூசாம ஞாயித்துக்கெழம எங்க வீட்டு வாசல்ல வந்து நின்ன ஆளாச்சே நீங்க. ஒங்களுக்கு என்ன பயம்?”

வருடத்துக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லிவிடுவாள். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி மலரும். மூத்தவள் பிறந்தபோது சொன்னாள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையும் கழுத்துமாக நிற்கும்போது சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு அவள் எழுதிய ஒரே கடுதாசி அது. ரொம்ப ஆசையாக எழுதியிருப்பாள் போலிருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

தொம்மை மாதா கோவில் பூசை முடிந்து வந்தார். நாலு நாளாக அவர் பார்த்த பார்வை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

அறுபத்தாறாம் வருடம். சந்தனமாரியைப் பெண் பார்க்க ஏற்பாடு ஆனபோது, பையன் மூன்றாம் வகுப்பு படித்திருக்கிறான் என்று தரகரிடம் சொல்லியிருந்தேன். படிக்கவில்லை. பார்க்கப் போவதற்கு மூன்று நாள் முன்னால், அவளுடைய சிநேகிதி ஒருத்தி பூங்காவுக்கு வந்து ஒரு கடுதாசியை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? அன்றைக்கு ஊரில் படித்தவன் எல்லாம் வாயாடி. விஷயம் அவள் காதுக்குப் போனால் மூன்றாம் வகுப்பு முறிந்துபோகும்.

ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, எழுத்து கற்றுக்கொண்டு, நானே படித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கடுதாசியைச் சுருட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். பீடத்தின் பின்பக்கம் குருசு பதித்த கல்லுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் வைத்தேன். டப்பா உள்ளே சரிந்து, கடகடவென்று அடிவரைக்கும் போய்விட்டது. துரை விழுங்கிவிட்டான்.

பிறகு சுருட்டுக்குக் கை போகும்போதெல்லாம் அந்தக் கடகட சத்தம் கேட்கும். அன்றோடு சுருட்டை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே பெண் பார்க்கப் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான முதல் வாரமே எனக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்தாள். “அப்ப என் கடுதாசி?” என்றாள். மேஸ்திரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்றேன். அந்த ஒரு பொய்தான். அதை ஐம்பத்தெட்டு வருடமாகக் கஞ்சி ஊற்றி வளர்க்கிறேன்.

ஊருக்கே ஞாபகம் சொல்கிறவன் நான். என் மனைவி எனக்கு எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது.

தொம்மை பேனாவை மூடினார். பிறகு, “அண்ணாச்சி, எங்கிட்டயாவது கொண்டு வந்திருக்கலாம்லா” என்றார்.

“அப்ப ஒமக்கு வயசு பன்னெண்டு வே.”

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை வடக்கே பொங்கியது. நல்ல சகுனம் என்றாள் சந்தனமாரி. பீடமும் வடக்கேதான் இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

இதை எழுதாமல் விடலாம் என்றேன். எழுதாவிட்டால் இனிமேல் எதையுமே எழுதமாட்டேன் என்கிறார் தொம்மை.

மத்தியானம் பூங்கா காலியாக இருந்தது. குடைக்கம்பியை வளைத்து முனையில் கொக்கி செய்து, கல்லுக்குப் பின்னால் விட்டுத் துழாவினேன். கம்பி எதிலோ இடித்தது. டப்பாதான். இன்னும் கொஞ்சம் என்று மணிக்கட்டு வரை கையை விட்டேன். கை போனது. திரும்ப வரவில்லை.

பீடத்தைக் கட்டிப்பிடித்தபடி, கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு நின்றபோது வேலம்மாள் வந்துவிட்டாள்.

“ஐயோ, அண்ணாச்சி அழுதாரே! துரையப் பிரிய முடியாம அழுதாரே! ஏட்டி, ஓடி வாங்கட்டி!”

நாலு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சூடம் ஏற்றினாள். ஒருத்தி குலவை போட்டாள். சூடத்தைத் துரைக்குக் காட்டிவிட்டு எனக்கும் காட்டினார்கள். கால் மணி நேரம் அப்படியே நின்றேன். தகவல் தெரிந்து தொம்மை தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு வந்து கையை வழுக்கி எடுத்தார். எண்ணெய்க் காப்பு என்று நினைத்து அதையும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

கம்பி உள்ளே விழுந்துவிட்டது. துரைக்குப் பசி அதிகம்.

ஜனவரி 20, திங்கள்

பீடத்தையும் உடைக்கிறார்கள். முடிவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஷர்மிளா அம்மாவிடம், “உள்ள ஒரு டப்பா இருக்கும்மா. அத மட்டும் எங்கிட்டத் தந்துரணும்” என்றேன்.

“ஐயா, ரெண்டு கட்சி சண்டை நடக்கிற எடம் இது. உள்ள என்ன கெடச்சாலும் எல்லார் முன்னாலயும் எடுத்து, படிச்சுக் காட்டி மகஜர் எழுதணும். இல்லன்னா தங்கம் கெடச்சது, ஆபீஸர் எடுத்துக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டுருவாங்க. என்ன இருக்கு அதுல?”

“சுருட்டு” என்றேன். பாதி உண்மை.

ஜனவரி 21, செவ்வாய்

சந்தனமாரி தன் பச்சைக் கண்டாங்கியை எடுத்து உதறி மடிக்கிறாள். “நாளைக்கு நானும் வாரேன். தாத்தாவ அடிச்சவன் எறங்குறதப் பாக்க வேண்டாமா?” முட்டுவலி என்று சொல்லிப் பார்த்தேன். ஆட்டோ சொல்லிவிட்டாளாம்.

ஜனவரி 22, புதன்

காலை எட்டு மணிக்கே பூங்கா நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் காசிராஜன் ஆட்கள் சிவப்புத் துண்டோடு. இன்னொரு பக்கம் வேலம்மாள் ஆட்கள் சுருட்டோடு. நடுவில் போலீஸ். ஓரமாகப் பஞ்சுமிட்டாய் வண்டி. சந்தனமாரி ஆட்டோவிலிருந்து இறங்கி முன்வரிசைக்கே வந்து நின்றாள்.

நாலு போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கிரேன்காரர் சங்கிலியை இழுத்தார். துரை அசையவில்லை. இன்னும் இழுத்தார். கிரேன் முன்னால் குனிந்தது. “நிறுத்து! இடது பூட்சு!” என்று கத்தினேன். ஷர்மிளா அம்மா கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஏழாம் தேதிப் பக்கத்தை அவருக்காகத் தொம்மை தனித்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார், சுருட்டு விஷயம் இல்லாமல். பூட்சுக்கு அடியில் அறுத்தார்கள். ஈயம் பளிச்சென்று வந்தது. நான் ஊற்றிய ஈயம்.

துரை மெல்லப் பீடத்தை விட்டு எழும்பினார். காசிராஜன் ஆட்கள் கை தட்டினார்கள். வேலம்மாள் ஓடிப்போய் எட்டி, அவர் விரலில் கடைசிச் சுருட்டைச் சொருகினாள். போலீஸ்காரர் தடுக்கவில்லை. அவரும் கடற்கரைக்காரர்தான். சுருட்டோடு ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் துரை லாரிக்குள் படுத்தார். என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இது ரொம்பச் சிரிப்பாக இருந்திருக்கும்.

பிறகு பீடம். மூன்றாவது அடியில் கல் பிளந்தது. முதலில் குடைக்கம்பி வந்தது. அப்புறம் டப்பா. துரு ஏறி, ஆனால் மூடி திறக்காமல்.

ஷர்மிளா அம்மா எல்லாருக்கும் காட்டித் திறந்தார். “சுருட்டு, மூணு. கடிதம், ஒண்ணு. பென்சில்ல எழுதினது.” பிரித்தார். படித்தார். தொம்மை பக்கத்திலிருந்து நகல் எழுதிக்கொண்டார். அது இதுதான்:

‘ஆதிலிங்கம் அவர்களுக்கு, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வர வேண்டாம். நான் உங்களைப் பூங்காவில் பார்த்தேன். மேஸ்திரி வந்ததும் சுருட்டைத் துரை கையில் சொருகிவிட்டு யோக்கியர்போல் நின்றீர்கள். அவர் போனதும் எடுத்துக் குடித்தீர்கள். எனக்குச் சுருட்டு நாற்றம் ஆகாது. பொய்யும் ஆகாது. எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. இப்படிக்கு, சந்தனமாரி, ஐந்தாம் வகுப்பு வரை.’

அவ்வளவு கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது வேலம்மாள்.

“அப்ப நாங்க இத்தன வருசமா கும்பிட்டது இந்த ஆளோட எச்சிச் சுருட்டையா?”

பூங்கா முழுக்கச் சிரித்தது. காசிராஜன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சந்தனமாரியை மட்டும் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மேஸ்திரி படிச்சுச் சொன்னதாச் சொன்னிய” என்றாள்.

“யாரும் படிக்கல. நான் யாருக்கும் காட்டல.”

“அப்ப நான் வராதீங்கன்னு சொன்னத மீறி வரல நீங்க. தெரியாமத்தான் வந்திய.”

“ஆமா.”

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். நான் நடந்து வந்தேன்.

ஜனவரி 23, வியாழன்

காப்பி மேஜையில் இருந்தது. பேச்சு இல்லை. ஆனால் காப்பியில் சர்க்கரை இருந்தது.

வாசலில் ஒரு முழுச்சுருட்டு, பிச்சிப்பூ சுற்றி. வேலம்மாள் வேலை. கேட்டால், “துரைக்கு மொதச் சுருட்டு வச்ச கை ஒம்ம கைதான அண்ணாச்சி? எம் மகளுக்குப் பேறுகாலம். ஒரு வார்த்த நல்லாச் சொல்லும்” என்கிறாள். நல்லபடியாகப் பிறக்கும் என்றேன். நான் அதை மட்டும்தான் சொன்னேன், தொம்மை, எழுதிக்கொள்ளும்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று பேசினாள். உளுந்து களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“நான் கண்ணாடி பாக்கையிலல்லாம் நெனச்சிக்கிடுவேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதினேன், அதயும் மீறி ஒருத்தன் வந்தான், சுருட்டையும் விட்டுட்டு வந்தான்னு. நம்மகிட்டயும் என்னமோ இருக்குன்னு. அத வச்சுத்தான் சரின்னேன்.” களைந்த தண்ணீரைக் கொட்டினாள். “படிச்சிருந்தா வந்திருப்பியளா?”

நடந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். நடக்காததை எங்கே போய்த் தேடுவது?

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் குளித்து, மூத்தவள் தீபாவளிக்கு எடுத்துத் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். கடைத்தெருவில் முந்திரி மக்ரூன் ஒரு டப்பா, பிச்சிப்பூ நாலு முழம். தொம்மை வீட்டுக்குப் போய், “கெளம்பும் வே, பொண்ணு பாக்கப் போறோம். எனக்குப் பெரியவன்னு ஒருத்தன் வேணும்” என்றேன்.

“என்னைவிட நீரு பன்னெண்டு வயசு மூப்பு.”

“எனக்குப் பெரியவங்கல்லாம் செத்துப் போனாங்க. ஒம்ம விட்டா யாரு?”

அவர் வேட்டி மாற்றிக்கொண்டார். என் வீட்டு வாசலில் போய் நின்று நானே கதவைத் தட்டினேன். சந்தனமாரி திறந்தாள். என்னைப் பார்த்தாள், தொம்மையைப் பார்த்தாள், மக்ரூனைப் பார்த்தாள்.

“சாவிய மறந்துட்டியளா?”

“இல்ல. கடுதாசி கெடச்சது. வரவேண்டாம்னு எழுதியிருந்தது. முழுசாக் கேட்டேன். சுருட்டு, பொய், எல்லாம். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.”

அவள் கதவை முழுசாகத் திறந்தாள். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, என் சட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள்.

“சுருட்டு இல்ல” என்றாள் தொம்மையிடம். “பொய்?”

“ஒண்ணுதான் இருந்தது. அது புதன்கெழமையோட செத்துது” என்றார் தொம்மை, பெரியவர் தோரணையில்.

“உள்ள வாங்க” என்றாள். நாற்காலி போட்டாள். அடுக்களைக்குள் போனவள் வர நேரமானது. வந்தபோது பச்சைக் கண்டாங்கியில் இருந்தாள். தலையில் பிச்சிப்பூ. தட்டில் உளுந்த வடை. முட்டுவலியோடு தட்டை நீட்டிக் கொஞ்சம் குனிந்தாள். நான் வடையை எடுக்க மறந்துவிட்டேன்.

“பொண்ணு புடிச்சிருக்கா, என்னன்னு கேளுங்க அண்ணே” என்றாள் தொம்மையிடம்.

பெண் பார்க்கப் போனால் அங்கேயே பதில் சொல்வது முறை இல்லை. “வீட்டுக்குப் போயிக் கடுதாசி போடுதோம்” என்றேன்.

“யாரு, நீங்களா?” என்று சிரித்தாள். புதன்கிழமை வராத சிரிப்பு.

இப்போது மாலை ஐந்து மணி. தொம்மை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். சிலை பற்றிய பக்கங்களை ஷர்மிளா அம்மா நகல் எடுத்துக்கொண்டார். நோட்டு எனக்கே என்று சொல்லிவிட்டார். தொம்மை கடைசி வரியை முடித்ததும் இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

சந்தனமாரி, கடுதாசி போடுகிறேன் என்றேனே, இதுதான் அது. ஆறாம் தேதியிலிருந்து படி. படித்துவிட்டுச் சொல். எங்கேயும் ஒளித்து வைத்துவிடாதே.